கேட்கக் கூடாத சிடி

7

"அந்த சிடியை ஒரே ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டா விஷயம் முடிஞ்சது சார்," என்றார் அண்ணி, நான்காவது முறையாக.

"கேட்க முடியாதும்மா," என்றார் தேர்வு அதிகாரி, அதுவும் நான்காவது முறையாக.

"ஏன் முடியாது?"

"அதுல நாளைக்கு நடக்கப்போற தேர்வு இருக்கு. கேட்டா ரகசியம் போயிடும்."

"இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தானே கேட்கணும்ங்கிறேன்?"

"இருந்துட்டா?"

நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். அரை மணி நேரமாக அதுவும் இவர்களும் ஒரே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடித்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, தனியாகத் துப்பறியும் போர்டு மாட்டியவர். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், டைப்பிஸ்ட். திட்டு வாங்க வேறு ஆள் கிடைக்காதபோது அதற்கும் நான்தான். சம்பளம் ஒழுங்காகத் தருவார், மரியாதையைத்தான் பாக்கி வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். மொழித் தேர்வில் 'கேட்டல்' என்று ஒரு பகுதி. எல்லாத் தேர்வு மையங்களிலும் ஒரே நேரத்தில் சிடியைப் போடுவார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும். அதற்காக மூவாயிரம் சிடிகளை ஊருக்கு வெளியே ஒரு சிடி கம்பெனியில் அடித்து, அச்சிட்டு, பெட்டியில் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வாங்கியிருந்தார்கள். அந்த மூவாயிரத்தில் ஒன்றைப் போலவே இருந்த ஒரு சிடி, மூன்று நாட்களுக்கு முன், ஒரு வீட்டு பால்கனியில் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. புறா விரட்டுவதற்காக.

மாடி வீட்டு ஆசிரியை ஒருவர் அதன் மேல் 'மொழித் தேர்வு – கேட்டல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டார். அதிகாரி நேரில் வந்து கயிற்றை அறுத்து சிடியை எடுத்துப் போனார். அந்த வீட்டுக்காரம்மா சிடி கம்பெனியில் அச்சு மெஷின் ஓட்டுபவர். பிரிண்டிங் அக்கா என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரே மகள். அந்தப் பெண் நாளைக்கு அதே தேர்வை எழுத வேண்டியவள். இதற்கு மேல் அதிகாரிக்கு என்ன வேண்டும்? மகளின் ஹால் டிக்கெட்டைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். மூன்று வருடம் தேர்வு எழுதத் தடை, அம்மா மேல் போலீஸ் புகார் என்று உத்தரவும் டைப் ஆகிவிட்டது. இன்று நான்கு மணிக்குக் கையெழுத்து போடுவாராம்.

சிடி மேஜை மேல்தான் இருந்தது. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறை, அதன் வாயில் அரக்கு முத்திரை, பெயர் அச்சான பக்கம் மேலே தெரிந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடி உருண்டையை வைத்து, உருண்டையின் மேல் கையையும் வைத்திருந்தார் அதிகாரி.

"நாலு மணிக்குள்ள அதுல தேர்வு இல்லன்னு நிரூபிங்க. ஆனா அதைத் திறக்கக் கூடாது, தொடக் கூடாது, கேட்கக் கூடாது," என்றார்.

"மூச்சு விடலாமா சார்?" என்றேன்.

"வெளியே போய் விடலாம்."

வெளியே வராந்தா பெஞ்சில், எங்களை உதவிக்குக் கூப்பிட்ட பிரிண்டிங் அக்கா உட்கார்ந்திருந்தார். விரல் நகங்களில் நீல மை, எத்தனை கழுவினாலும் போகாத மாதிரி. பெஞ்சின் மறுகோடியில் மகள். நடுவில் நான்கு பேர் உட்காரலாம்.

"மூணு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்கிறா மேடம்," என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். "சோறு வச்சா அவளே எடுத்துப் போட்டுச் சாப்பிடுறா. நான் இருக்கிற ரூமுக்கு வர்றதில்ல. நான் அவளுக்காகத் திருடினேன்னு நெனச்சுட்டா. மத்தவங்க என்ன நெனச்சாலும் தாங்கிக்கலாம்."

"அந்த சிடி எங்கேருந்து வந்தது? நேராச் சொல்லுங்க," என்றார் அண்ணி.

"செட்டிங் சிடி மேடம். சிடி மேல வெள்ளை, நீலம், கறுப்புன்னு மூணு மை. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு பிசகாம உட்காரணும். அதுக்கு முதல் அம்பது அறுபது சிடியை வீணாக்கித்தான் ஆகணும். நல்ல சிடியை வீணாக்குவாங்களா? வேற வேலையில கழிச்சுப் போட்ட குப்பை சிடி மேலதான் அடிச்சுப் பார்ப்போம். பழைய பாட்டு, பாடம், என்னென்னவோ இருக்கும். அதுல ஒண்ணைத்தான் எடுத்துட்டுப் போனேன்."

நான் எழுந்தேவிட்டேன். "அப்புறமென்ன! மேல பேரு தேர்வு, உள்ளே ஏதோ பழைய பாட்டு. முடிஞ்சு போச்சு!"

"முடியல தம்பி," என்றார் அக்கா. "கடைசி ரெண்டு மூணு மட்டும் தேர்வுக்குன்னு வந்த புது சிடிக் கட்டிலிருந்தே எடுத்து அடிச்சுப் பார்ப்போம். நான் மேல இருந்ததை எடுத்தேன், பளிச்சுன்னு இருந்ததால. அது குப்பையா, புதுசான்னு எனக்கே தெரியாது."

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். சில சாட்சிகள் பொய் சொல்லிக் கழுத்தறுப்பார்கள். இந்த அம்மா உண்மையைச் சொல்லியே கழுத்தறுத்தார்.

மகள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

*

சிடி கம்பெனிக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. முதலாளி வாசலிலேயே எங்களை மடக்கினார். "எங்க கம்பெனியில யாரும் ஒரு சிடிகூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கிறோம்."

அவருடைய காரின் உள்கண்ணாடியில் ஒரு சிடி நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேனின் சைக்கிள் பின்னாலும் ஒன்று. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார்.

உள்ளே ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, புத்தகத்தைச் செருகி, சிடியை நடுக் குமிழில் அழுத்தி, மூடிக்கொண்டிருந்தார்கள். 'டக், டக்' என்ற சத்தம் நிற்கவே இல்லை. இன்னொரு பக்கம் மெஷின் நான்கு நொடிக்கு ஒரு சிடியைத் துப்பியது. அதை ஓட்டுபவரை மாஸ்டர் என்றார்கள். ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, எவர் மேலும் நம்பிக்கை இல்லாத முகம்.

"ஒரு சிடியில என்ன இருக்குன்னு கேட்காம கண்டுபிடிக்க முடியுமா மாஸ்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"முடியுமாவா? அதுதானே என் பொழைப்பு." மாஸ்டர் குப்பைத் தொட்டியிலிருந்து இரண்டு சிடிகளை எடுத்து, பளபளக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "சிடி உள்ளேருந்து வெளியே ஓடும். நடு ஓட்டைக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகும். சத்தம் பதிஞ்ச இடத்துல மட்டும்தான் வானவில் தெரியும். இது குழந்தைங்க கதை, இருபது நிமிஷம். பாருங்க."

நடுவிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வானவில். அங்கே ஒரு மெல்லிய வட்டம். அதற்கு வெளியே நிறமே இல்லாமல் வெறும் கண்ணாடி. மற்ற சிடியில் வானவில் ஓரம் வரை போயிருந்தது.

"இது எழுபது நிமிஷத்துக்கு மேல. நிரம்பிப் போச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், 'தேர்வு எத்தனை நிமிஷம்?' நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். இருபத்திரண்டு. பால்கனி சிடியின் பின்பக்கத்தில் வானவில் ஓரம் வரை போயிருந்தால், அதில் தேர்வு இல்லை. திறக்க வேண்டாம், தொட வேண்டாம், கேட்க வேண்டாம். எனக்கு மாஸ்டரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"தேர்வு சிடியை அடிச்ச அன்னிக்கு நீங்கதான் மெஷின்ல இருந்தீங்களா?" என்றார் அண்ணி.

மாஸ்டர் பேனாக்களில் ஒன்றை எடுத்துக் காதைக் குடைந்தார். அது அவர் கோபப்படும் முறை போலிருக்கிறது. "அந்த நாளைப் பத்தி மட்டும் கேட்காதீங்க. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு இம்சையை நான் பார்த்ததில்ல."

அவர் கொட்டித் தீர்த்தார். ஒவ்வொரு சிடிக்கும் ஒரு நிக்கல் தகடு உண்டு. அதன் மேடு பள்ளம்தான் சிடியில் பதியும். அன்று காலை இரண்டு தகடுகள் இரண்டு டப்பாக்களில் வந்தன. ஒன்று தேர்வு. மற்றது 'ஆழ்ந்த உறக்கம்' என்ற கடல் அலைச் சத்தம், எழுபத்திரண்டு நிமிடம். ஐந்து வருடமாக விற்கிற சிடி. பழைய தகடு தேய்ந்துபோனதால் புதிது வந்திருந்தது. அதிகாரி நேரில் வந்து, எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்த் தாளைக் கிழித்தாராம்.

"தேர்வு டப்பாவுல கிழிச்சாரா?" என்றேன்.

"ரெண்டுலயும்! கேட்டா, 'ஒண்ணுல பேர் இருந்தா, பேர் இல்லாதது எதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்'னு சொல்றார். அப்புறம் ஒண்ணு மேல ரகசியம்னு சீல் ஒட்டி, இதை முதல்ல அடின்னு கொடுத்தார். தகட்டு நம்பரைப் பார்க்கலாம்னா, எந்த நம்பர் எதுன்னு எழுதியிருக்கிற வேலை அட்டையையும் வாங்கி வச்சுக்கிட்டார். கேட்டுப் பார்க்கிற ரூமைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கிட்டார். சாயங்காலம் வரைக்கும் ரூமும் இல்ல, அட்டையும் இல்ல. அடிச்ச சிடியைத் திருப்பிப் பார்க்கவும் விடல. நாங்க கண்ணைக் கட்டிக்கிட்டு வேலை பார்த்தோம்."

"அரசாங்கத்துக்கு வேலை பார்க்கும்போது கண்ணைக் கட்டிக்கிறது நல்லதுதான் மாஸ்டர்," என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

*

திரும்பி வந்தபோது அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். ஒன்றேகாலுக்குப் போனவர் வந்தது இரண்டே முக்காலுக்கு. ஒரு தாயும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாராமல் வெளியே காய்கிறார்கள், இந்த மனுஷருக்கு ஒன்றரை மணி நேரச் சாப்பாடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"சார், பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினா போதும்," என்றார் அண்ணி.

"தொடக் கூடாதுன்னேன்."

"நான் தொடல. நீங்களே திருப்புங்க."

"ஏன் திருப்பணும்? காரணத்தை எழுதிக் கொடுங்க. பரிசீலிச்சு நாளை மறுநாள் பதில் சொல்றேன்."

அண்ணி பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இனி என் முறை. நான் மேஜை மேல் குனிந்து உறையை உற்றுப் பார்த்து, 'த்சொ த்சொ' என்றேன்.

"என்ன?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். முன்பக்கம் அழகாக் கையெழுத்து போட்டிருக்கீங்க. பின்பக்கமும் போட்டிருப்பீங்க. போடலன்னா எதிர்த்தரப்பு வக்கீல், பின்பக்கமா உறையைப் பிரிச்சு மாத்திட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போச்சே. உங்களுக்குத் தெரியாததா?"

அதிகாரியின் முகம் மாறியது. கண்ணாடி உருண்டையைத் தள்ளி, உறையைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் தேடினார். அண்ணிக்கு அது போதும்.

வானவில் ஓரம் வரை போயிருந்தது.

அண்ணி நிதானமாக விளக்கினார். உள்ளேயிருந்து வெளியே, இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு விரல் அகலம், இது எழுபது நிமிடத்துக்கு மேல். அதிகாரி கேட்டுக்கொண்டே கையெழுத்தை முடித்தார்.

"வானவில் கதையெல்லாம் உத்தரவுல எழுத முடியாது. என்கிட்ட இருக்கிற அசல் சிடியோட ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தா பார்க்கலாம்."

"ஒப்பிடுங்க, அதைத்தானே கேட்கிறோம்!"

"பெட்டி ரகசிய அறையில இருக்கு. திறக்க மூணு பேர் கையெழுத்து வேணும்."

ஒருவர் அவரே. இரண்டாமவர் லீவு. மூன்றாமவர் பல் டாக்டரிடம் போயிருந்தார். நான் டாக்டர் வீட்டு வாசலில் அவரைப் பிடித்து, வாயில் பஞ்சோடு காரில் ஏற்றி வந்தேன். லீவில் இருந்தவருக்குப் பதில் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று இருபது நிமிடம் விவாதம் நடந்தது. பஞ்சு வைத்தவர் பேச முடியாததால் சீக்கிரம் ஒத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, ஒரு சிடியை வெளியே எடுத்தபோது மணி மூன்று முப்பத்தைந்து. வாசலில் பிரிண்டிங் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி சிடியைத் திருப்பினார்.

அதிலும் வானவில் ஓரம் வரை போயிருந்தது.

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சொன்ன வழியிலயே நிரூபணம் ஆயிடுச்சு. அசல் கட்டிலிருந்தே திருடியிருக்காங்க. ரொம்ப நன்றி."

"அய்யோ," என்றார் அக்கா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நாளெல்லாம் அலைந்து, இந்த அம்மாவின் கழுத்துக்கு நாங்களே கயிறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

அதிகாரி டைப் அடித்த உத்தரவை இழுத்து பேனாவை வைத்தார்.

"சார், தேர்வு எத்தனை நிமிஷம்?" என்றார் அண்ணி.

"இருபத்திரண்டு. ஒரு நொடி கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. நானே வாட்ச் வச்சுப் பார்த்தேன்."

"அப்ப மீதி அம்பது நிமிஷம் இதுல என்ன இருக்கு?"

பேனா நின்றது.

"உங்க ரகசியப் பெட்டியில இருந்து நீங்களே எடுத்த சிடியைத்தான் சொல்றேன். இந்தம்மா வீட்டு சிடியை விட்டுடுங்க. இருபத்திரண்டு நிமிஷத் தேர்வுக்கு இது எப்படி ஓரம் வரைக்கும் நிரம்பிச்சு?"

பல் டாக்டரிடமிருந்து வந்தவர்கூடப் பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா? ரெண்டு டப்பா. ரெண்டுலயும் பேரைக் கிழிச்சீங்க. கிழிச்ச பிறகு எது எதுன்னு உங்களுக்கே தெரியல. ஒண்ணு மேல சீல் ஒட்டினீங்க. தப்பான டப்பா. கேட்டுப் பார்த்திருந்தா மாஸ்டர் ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பார். நீங்க அந்த ரூமையும் பூட்டிட்டீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லா ஹால்லயும் பிள்ளைங்க கேட்கப்போறது எழுபத்திரண்டு நிமிஷம் கடல் அலை."

"அபாண்டம்!" என்றார் அதிகாரி. குரலில் அந்த அளவு பலம் இல்லை. "அப்படின்னா தேர்வு எங்கே?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஓடினேன்.

*

தெருமுனையில் பாட்டு சிடி விற்கும் கடை. "ஆழ்ந்த உறக்கம் இருக்கா?" என்றேன் மூச்சிரைக்க.

"இருக்கு. ஆனா சொல்லிடறேன், புதுக் கட்டு சரியில்ல," என்றார் கடைக்காரர். "ஒருத்தர் வந்து திருப்பிக் கொடுத்துட்டுப் போனார். தூங்கலாம்னு படுத்தா யாரோ ஒரு அம்மா கேள்வி கேட்கிறாங்களாம். பதில் சொல்லப் பத்து நொடி டைம் வேற கொடுக்கிறாங்களாம். விடிய விடிய யோசிச்சுக்கிட்டே கிடந்தாராம்."

"மத்தவங்க?"

"யாரும் குறை சொல்லலயே. தூங்கியிருப்பாங்க."

எத்தனை நாளாக விற்கிறது என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றார். இனி ஒன்றுகூட விற்காதீர்கள் என்றேன். ஏன் என்றார். அதைச் சொல்லக் கூடாது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சிடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு விரல் அகலம்தான் வானவில்.

அதிகாரியின் டைப்பிஸ்ட் கம்ப்யூட்டரில் அதைப் போட்டார். இரண்டு நொடி அமைதி. பிறகு தெளிவான ஒரு பெண் குரல்.

"கவனமாகக் கேளுங்கள். இப்போது நீங்கள் கேட்கப்போவது ஒரு ரயில் நிலைய அறிவிப்பு. கேள்வி ஒன்று..."

அதிகாரி பாய்ந்து வந்து இரண்டு கைகளாலும் ஸ்பீக்கரைப் பொத்தினார். "நிறுத்து! யாரும் கேட்காதீங்க! எல்லாரும் வெளியே போங்க!"

"ஒன்பது நாளா ஊரே கேட்டுட்டிருக்கு சார். எங்களை மட்டும் ஏன் வெளியே அனுப்புறீங்க?" என்றேன்.

அவர் நாற்காலியில் விழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாவம் என்று நினைத்தேன். அது தப்பு. ஒரு நிமிடம் கழித்து அவர் நிமிர்ந்தபோது அந்தக் கண்ணில் வேறு கணக்கு ஓடியது.

"தேர்வு வெளியே போனது உண்மையாயிடுச்சு," என்றார் மெதுவாக. "நாளைக்கு நடக்கிற தேர்வைத் தள்ளி வைக்கிறேன். கம்பெனி ஊழியர் ஒருத்தர் மூலமா கசிஞ்சதுன்னு எழுதறேன். உத்தரவு தயாரா இருக்கு. பேர் மாத்த வேண்டியதில்ல."

எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. காலையிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறந்து, கடைசிக் கதவும் திறந்த பிறகு, மனுஷர் எங்கள் கண் முன்னாலேயே அதைச் சாத்துகிறார்!

அண்ணி கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "எழுதுங்க. ஆனா கடைகள்ல இருக்கிற சிடியை என்ன செய்வீங்க?"

"பறிமுதல் பண்ண உத்தரவு போடுவேன்."

"என்ன காரணம் எழுதுவீங்க? தூக்க சிடியை எதுக்குப் பறிமுதல் பண்றீங்கன்னு கடைக்காரன் கேட்பான். தேர்வு அதுல இருக்குன்னு எழுதணும். எழுதினா, எப்படி வந்ததுன்னு கேட்பாங்க. இந்தம்மா வேலை அச்சு ரூம்ல. தகடு டப்பா இருந்த ரூமுக்குள்ள அன்னிக்கு இருந்தது ஒரே ஆள். கதவைச் சாத்திக்கிட்டு. மாஸ்டரும் அத்தனை பேரும் வெளியே நின்னு பார்த்திருக்காங்க. எழுதாம விட்டா, சிடி வித்துக்கிட்டே இருக்கும், நீங்க அடுத்த மாசம் வைக்கிற தேர்வுக்கும் அதே கேள்விதானே?"

"வேற கேள்வி தயாரிப்போம்..."

"ஏன் மாத்தினீங்கன்னு அதுக்கும் எழுதணும் சார்."

அதிகாரி பிரிண்டிங் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. நாளெல்லாம் தாழ்ந்தே கிடந்த குரல் இப்போது நேராக வந்தது.

"நான் எடுத்துட்டுப் போனது தப்புதான் சார். எழுதிக்கோங்க. புறா விரட்ட ஒரு குப்பை சிடி எடுத்தேன்னு எழுதுங்க, கையெழுத்து போடறேன். திருடினேன்னு எழுதாதீங்க. எம் பொண்ணு பேரை அதுல எழுதாதீங்க."

அதிகாரி அந்த டைப் அடித்த தாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கிழித்தார். பேயறைந்த மாதிரி உட்கார்ந்து, டைப்பிஸ்டை நம்பாமல், தன் கையாலேயே புதிதாக எழுத ஆரம்பித்தார். எழுதியதை மூன்று தடவை அடித்துத் திருத்தினார். தன் தவறைச் சொல்லும் 'கவனக்குறைவு' என்ற வார்த்தைக்குப் பதில் வேறு வார்த்தை போடலாமா என்று அண்ணியிடமே கேட்டார். கூடாது என்றார் அண்ணி. நான்கு பத்துக்குக் கையெழுத்து விழுந்தது. டிராயரைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம். மகள் பெஞ்சில் அதே மூலையில் இருந்தாள். உள்ளே நடந்த சத்தமெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அக்கா ஹால் டிக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, தள்ளியே நின்றார்.

"தேர்வு நாளைக்கு இல்லையாம். ஒரு மாசம் தள்ளிப் போச்சாம்," என்றார்.

"கேட்டுச்சு."

"நான் திருடலடி."

"அதுவும் கேட்டுச்சு." மகள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ திருடினேன்னு நான் கோவப்படலம்மா. நான் படிச்சுத் தேற மாட்டேன்னு நீ முடிவு பண்ணிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்னு நெனச்சேன். அதைத்தான் தாங்க முடியல."

அக்கா மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அந்த வராந்தாவில் கொட்டியது. அழுதுகொண்டே பெஞ்சில் உட்காரப் போனவர், எங்கே உட்காருவது என்று தயங்கினார்.

மகள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள்.